இறுதி அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் கேட்டு

உயிரியல் ஆராய்ச்சித் திட்டங்களைப் படித்து, மதிப்பெண் போட்டு, நிதி ஒதுக்கும் நிபுணர் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது அவர் ஓர் அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் லைசோசோம்கள் என்னும் நுண்ணிய பைகள் ஏன் சில நேரம் உட்கருவை ஒட்டிக் கும்பலாக ஒதுங்குகின்றன, ஏன் சில நேரம் செல்லின் விளிம்புவரை பரவிப் போகின்றன என்று பார்க்க ஆசைப்படுகிறார். மூன்று ஆண்டுத் திட்டம். விண்ணப்பம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறதாம்.

"சார், எந்த நோயைப் போடட்டும்?" என்று கேட்டார்.

சாம்பாருக்கு எந்தக் காயைப் போடட்டும் என்று கேட்கிற தொனி. முதலில் சிரித்துவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டத்தைப் படிவத்தில் அச்சிட்டவர்களில் ஒருவன் என்று என்னையும் சொல்லலாம். உயிர்வேதியியல் கற்பித்த 34 ஆண்டுகளில் இரண்டு முறை இதுபோன்ற குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். "இந்த ஆய்வால் எந்த நோய்க்கு, எத்தனை ஆண்டுகளில், என்ன பயன்?" என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதாதவர்களின் விண்ணப்பத்தை ஓரமாக ஒதுக்கியும் இருக்கிறேன். ஆகவே இது வெளியில் நின்று கல்லெறிகிறவனின் கடிதம் அன்று.

அந்தக் கேள்வி நம் ஊரில் என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எந்த உயிர்வேதியியல் துறையின் நூலகத்துக்குப் போனாலும் அலமாரியில் வரிசையாக ஒரே முதுகுத் தலைப்புடைய ஆய்வேடுகள் நிற்கும். எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஈரலைக் கெடுப்பது, பிறகு ஏதாவதொரு மூலிகையின் சாற்றைக் கொடுத்து ஈரலை மீட்பது. ஈரல் கெட்டால் இரத்தத்தில் கூடும் நொதிகளான எஸ்ஜிஓடி ஏறும், எஸ்ஜிபிடி ஏறும். சாறு கொடுத்ததும் இரண்டும் இறங்கும். அட்டவணை 1 முதல் அட்டவணை 12 வரை இதே கதை. மூலிகையின் பெயர் மட்டும் மாறும். நானே இப்படிப்பட்ட நான்கு ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியாகக் கையெழுத்திட்டவன். நோயின் பெயர் இருந்தது, பயன் இருந்தது, கால அட்டவணை இருந்தது. கேள்விதான் இல்லை.

மாணவியிடம் அன்று சொல்ல வேண்டும் என்று நினைத்து, அவர் அவசரத்தில் இருந்ததால் சொல்லாமல் விட்ட ஒரு மனிதரின் கதையை உங்களிடம் சொல்கிறேன். உங்களில் பலருக்கு அவர் பெயர் பாடப்புத்தகத்தின் ஒரு வரியாகத் தெரிந்திருக்கும்: "லைசோசோமைக் கண்டுபிடித்தவர் கிறிஸ்டியன் டி டுவ், 1955." அந்த வரிக்குள் புதைந்திருப்பது ஒரு வழி தவறிய பயணம்.

டி டுவ் 1917இல் இங்கிலாந்தில் பிறந்தார். முதல் உலகப் போருக்குத் தப்பி அங்கே ஒண்டியிருந்த பெல்ஜியக் குடும்பம். பிறகு ஆண்ட்வெர்ப் நகரில் வளர்ந்து, லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். மாணவப் பருவத்திலேயே இன்சுலின் பைத்தியம் பிடித்துவிட்டது. இன்சுலின் உடம்பில் இறங்கியதும் சர்க்கரை குறைகிறதே, கல்லீரலில் அது சரியாக எதைத் தொடுகிறது? இதற்கு விடை காண மருத்துவப் பட்டம் போதாது என்று வேதியியலும் படித்தார். ஸ்டாக்ஹோமில் ஹூகோ தியொரெல்லிடம் போய் நொதிகளைக் கையாளக் கற்றார். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியரின் ஆய்வகத்தில் வேலை செய்தார். 1947இல் ஊர் திரும்பி லூவேனில் ஒரு சிறு ஆய்வகம் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ 30. கையில் இருந்த கேள்வி அதே பழைய கேள்விதான்: இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது?

இதில் கல்லீரல் நோய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கல்லீரல் அவருக்கு ஒரு வசதியான மூலப்பொருள். எலியில் பெரிய உறுப்பு, மென்மையானது, நொதிகள் மண்டிக் கிடப்பது, நசுக்கினால் நசுங்குவது. அவ்வளவே.

கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விட உதவும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் என்ற நொதியை அவரும் அவருடைய இளம் சகாக்களும் தூய்மைப்படுத்த முயன்றார்கள். அமிலம் சேர்த்தால் நொதி அடியில் படிந்தது. நல்லது. ஆனால் படிந்ததை மறுபடி கரைக்கப் பார்த்தால் கரையவே இல்லை. திரிந்த பாலை மீண்டும் பாலாக்க முயன்றதுபோல் ஆயிற்று. அப்போதுதான் டி டுவுக்கு இன்னொரு பெல்ஜியக்காரரான ஆல்பர்ட் குளோடின் வேலை நினைவுக்கு வந்தது. நியூயார்க்கில் இருந்த குளோட், செல்லை உடைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, கனமானது அடியிலும் லேசானது மேலுமாகப் பிரித்தெடுக்கும் வழியைக் காட்டியிருந்தார். நம் நொதி கரைசலாக இல்லாமல் ஏதோ துகளில் ஒட்டிக்கொண்டிருந்தால்? பிரித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

முன்பெல்லாம் ஈரலை மிக்ஸி போன்ற கருவியில் போட்டு அடித்துக்கொண்டிருந்தவர்கள், இந்தச் சோதனைக்காகக் கையை மாற்றினார்கள். பனிக்கட்டியில் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் ஈரலைப் போட்டு, கண்ணாடிக் குழாயில் குழவி போன்ற ஒன்றை வைத்து மெதுவாக அரைத்தார்கள். அளந்த நொதிகளில் ஆசிட் பாஸ்பேட்டேஸ் என்று ஒன்று. அது அவர்கள் தேடிய நொதி அன்று. ஒப்பீட்டுக்காகச் சும்மா சேர்த்துக்கொண்டது. கல்யாண வீட்டுக்குத் துணைக்கு வந்த ஆள் மாதிரி.

1949 டிசம்பர். துணைக்கு வந்த ஆள் மட்டும் தகராறு செய்தார். மிக்ஸியில் அடித்தபோது கிடைத்த அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இப்போது கிடைத்தது. எங்கோ கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கரைசல்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, ஐந்து நாள் கழித்து எடுத்து மறுபடி அளந்தார்கள். நொதி முழு அளவுக்கு வந்துவிட்டது!

ஐந்து நாள் பழையதாகிப்போன ஈரல் கரைசலில் நொதி கெட்டுக் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால் கணக்கு உதைக்கிறது. இந்த இடத்தில் ஒரு சாதாரண ஆய்வாளர் (நான் என்னையே சொல்கிறேன்) முதல் அளவைத் தூக்கி எறிந்துவிட்டு, "இரண்டாம் அளவு எதிர்பார்த்தபடி இருந்தது" என்று எழுதி, இன்சுலின் பக்கம் நடையைக் கட்டியிருப்பார். அவருடைய திட்டத்துக்கு அந்த நொதி எந்தவிதத்திலும் தேவைப்படவில்லை.

டி டுவ் அங்கேயே நின்றுவிட்டார். இன்சுலினை ஓரமாக வைத்துவிட்டு, இந்த உதைக்கும் கணக்கின் பின்னால் போனார். மிளகாய் வற்றல் முழுதாக இருக்கும்வரை வீட்டில் யாரும் தும்முவதில்லை. உரலில் இடித்தால் தெருவே தும்முகிறது. அதுபோல, நொதி ஏதோ ஒரு நுண்ணிய உறைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. மெதுவாக அரைத்தபோது உறைகள் பிழைத்துக்கொண்டன; நொதி வெளியே வரவில்லை. மிக்ஸி உறைகளைக் கிழித்தது. குளிர்பதனப் பெட்டியில் ஐந்து நாளில் உறைகள் தாமாகவே இற்றுப்போயின. அடுத்த சில ஆண்டுகளில் அந்த உறைக்குள் ஒன்றல்ல, ஐந்து நொதிகள் குடியிருப்பதைக் கண்டார்கள். ஐந்துமே புரதம், உட்கரு அமிலம் முதலியவற்றை வெட்டிக் கரைப்பவை. ஐந்துமே அமிலத்தில்தான் வேலை செய்பவை. ஆக, செல்லுக்கு ஒரு வயிறு இருக்கிறது. 1955இல் அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார்கள். யாரும் அதை அதுவரை கண்ணால் பார்த்து அறிந்திருக்கவில்லை. கூட்டிக் கழித்த கணக்கிலிருந்து பிறந்த உறுப்பு அது.

கண்ணால் காட்ட வந்தவர் அலெக்ஸ் நோவிகாஃப். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலத்தில் செனட் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காக 1953இல் வேலையை இழந்தார். இரண்டு ஆண்டு கழித்து லூவேனுக்கு வந்து, டி டுவின் ஈரல் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடித்தார். கல்லீரல் செல்லில் பித்த நுண்கால்வாய்களின் ஓரத்தில் காணப்படும் கறுத்த உருண்டைகளை அவை ஒத்திருந்தன. துரத்திவிட்ட அதே பல்கலைக்கழகம் 1983இல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. முப்பது ஆண்டு தாமதம். நம் ஓய்வூதியக் கோப்புகளைவிட இது மோசம் என்று சொல்ல மாட்டேன்.

இனி நோய்க்கு வருகிறேன். உங்கள் கட்டத்துக்கு வருகிறேன்.

ஹாலந்தில் 1930இல் யோஹானஸ் பாம்பே என்ற நோயியல் மருத்துவர் ஏழு மாதக் குழந்தை ஒன்றின் உடலை ஆய்ந்தார். இதயம் வீங்கியிருந்தது. இதயத்திலும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து அடைந்து கிடந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவருக்குக் காலமும் வாய்க்கவில்லை. நாஜிகளுக்கு எதிரான இயக்கத்தில் இருந்ததால் 1945இல் சுட்டுக் கொல்லப்பட்டார். டி டுவின் ஆய்வகத்தில் தொடக்க நாள்களில் இருந்த ஆன்றி-ஷெரி ஏர்ஸ் என்பவர், கல்லீரலில் கிளைக்கோஜன் தேங்கும் நோய்களைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தார். பாம்பே கண்ட நோயில் குறைவது லைசோசோமுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி என்று 1963இல் காட்டினார். செல்லின் வயிற்றில் ஒரு நொதி இல்லை, ஆகவே செரிக்காதது தேங்குகிறது. இந்த எளிய வாக்கியத்தின் பின்னால் வரிசையாக நோய்கள் விளங்கத் தொடங்கின. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும் காஷே நோய். பிறந்த சில வாரங்களிலேயே ஈரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும் வோல்மன் நோய். இன்று இவற்றைப் போல ஐம்பதுக்கு மேல் தெரியும்.

மருந்து எப்போது வந்தது? காஷே நோய்க்கு, நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நொதி 1991இல். பாம்பே நோய்க்கு 2006இல். வோல்மன் நோய்க்கு 2015இல். குறைந்துபோன நொதியைச் சிரை வழியாக ஏற்றுகிறார்கள். செல் அதை விழுங்குகிறது. விழுங்கியது நேராக லைசோசோமுக்குப் போய்ச் சேர்கிறது. விழுங்குவது பெரும்பாலும் அங்கேதான் போகும் என்பதும் லைசோசோம் ஆய்விலிருந்து வளர்ந்த அறிவுதான். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் அரிய நோய்க் கொள்கையின் கீழ், திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்துக்கு அது எத்தனை நாள் காணும் என்பது வேறொரு அமைச்சகத்துக்கு எழுத வேண்டிய வேறொரு மடல்.

1949இலிருந்து 2006. 57 ஆண்டுகள். உங்கள் படிவம் தருவது மூன்று.

ஒருநாள் மாலை, வேலையற்றுப்போன கிழவனின் விளையாட்டாக, டி டுவின் சார்பில் உங்கள் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். "நோக்கம்: கல்லீரலில் இன்சுலின் செயல்படும் முறையைக் கண்டறிதல்." நன்றாக இருக்கிறது. "தொடர்புடைய நோய்: நீரிழிவு." மிக நன்று, முழு மதிப்பெண். மூன்றாம் ஆண்டு முடிவில் இறுதி அறிக்கை. "நோக்கம் நிறைவேறியதா?" இல்லை. "காரணம்?" வேறொரு நொதியின் கணக்கு உதைத்ததால் அதைத் தொடர்ந்து போய்விட்டேன். "அந்த நொதி ஒப்புதல் பெற்ற நோக்கங்களில் உள்ளதா?" இல்லை. "விலகலுக்கு முன் அனுமதி பெறப்பட்டதா?" இல்லை. அதற்கு மேல் கட்டமில்லை. தான் கண்டதை எழுத அவருக்கு அந்தத் தாளில் ஓர் அங்குல இடம்கூட இல்லை. பிற குறிப்புகள் என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதில் நாம் எல்லோரும் "இல்லை" என்றுதான் எழுதுவோம்.

இன்சுலினுக்கு அவர் திரும்பவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இன்சுலினே வேறு வழியில் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தது. தன்னுடைய சொந்த உறுப்புகளையே செல் உறையில் கட்டி லைசோசோமுக்குத் தின்னக் கொடுக்கிறது என்று நுண்ணோக்கியில் சிலர் கண்டிருந்தார்கள். அதற்கு 1963இல் ஆட்டோஃபேஜி, அதாவது தன்னையே தின்னல், என்று பெயர் சூட்டியவர் டி டுவ். இன்சுலினுக்கு எதிராகச் செயல்படும் குளுக்ககானை எலிக்குச் செலுத்தினால் கல்லீரலில் இந்தத் தன்னைத் தின்னல் கூடுகிறது என்று 1967இல் ரஸ்ஸல் டீட்டரோடு சேர்ந்து காட்டினார். பசியில் ஈரல் தன்னைத் தின்று உடம்பைக் காக்கிறது. இரண்டு நாள் பட்டினி கிடந்த எலியின் கல்லீரல் தன் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இழக்கிறது. அந்தப் புரதம் போன இடம் இந்த வயிறுதான். பிறகு இருபது ஆண்டுகள் இதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானில் யோஷினோரி ஓசுமி, ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு, இந்தத் தன்னைத் தின்னலை இயக்கும் மரபணுக்களைப் பிடித்தார். அவருக்கு 2016இல் நோபல். 2009இல் ராஜத் சிங் முதலியோர், கல்லீரல் செல் தன்னிடம் சேர்ந்த கொழுப்புத் துளிகளையும் இதே வழியில்தான் தின்று தீர்க்கிறது என்று எலிகளில் காட்டினார்கள். இன்று ஸ்கேன் எடுத்த தெருவில் வீட்டுக்கு ஒருவரிடம் "ஃபேட்டி லிவர்" என்று எழுதிய தாள் இருக்கிறதே, அந்தக் கொழுப்பு. என் மாணவி கடைசியில் எந்த நோயைப் போட்டார் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

டி டுவின் மற்ற காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரலிலிருந்து பெராக்சிசோம் என்று இன்னோர் உறுப்பையும் பிரித்துக் காட்டினார். அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி 1973இல் தெரியவந்தது. 1974இல் குளோட், ஜார்ஜ் பலாடி ஆகியோரோடு நோபல் பரிசு. அதற்குள் மொழிச் சண்டையில் அவருடைய பல்கலைக்கழகமே இரண்டாகப் பிளந்து, பிரெஞ்சுப் பகுதி லூவேனை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தது. நமக்குப் புரியாத விஷயமில்லை. பிரஸ்ஸல்ஸில் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இப்போது அவர் பெயரில் நடக்கிறது. 2013இல், 95 வயதில், பெல்ஜியச் சட்டம் அனுமதிக்கும் வழியில் மருத்துவ உதவியோடு தன் முடிவைத் தானே தேர்ந்துகொண்டார்.

ஒருவரைக் காட்டி எல்லாவற்றையும் கேட்கிறான் என்று நினைப்பீர்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் இரத்தத்தில் பரம்பரை வேறுபாடுகளைத் தேடப் போய், 1963இல் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் புரதத்தில் தடுக்கி விழுந்த பாருக் புளூம்பெர்க்கை உங்களுக்கு நினைவூட்டலாம். சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து கீழாநெல்லியைப் பற்றி 1988இல் லான்செட் இதழில் எழுதியவரும் அவர்தான். 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அந்தப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த முடிவு வரவில்லை. நோயைக் குறிவைத்துப் போனது கைகூடாமல் போவதும், எதையோ தேடிப் போனது தடுப்பூசியில் முடிவதும் ஒரே மனிதரின் வாழ்க்கையிலேயே நடந்திருக்கிறது.

ஆனால் உங்கள் எதிர்வாதம் எனக்குத் தெரியும். நானே சொல்லிப் பழகியது. ஒரு டி டுவுக்காக நூறு பேரை மேய விட முடியுமா? வரிப்பணம் அல்லவா? நியாயமான கேள்வி. இதற்கு நான் சொல்வது, டி டுவ் மேயவில்லை என்பதுதான். அவருடைய ஆய்வகத்தின் வழக்கமே மளிகைக் கடைக் கணக்கு. ஈரலின் மொத்தத்தில் இவ்வளவு நொதி. பிரித்த ஒவ்வொரு பங்கிலும் இவ்வளவு. பங்குகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கே போனது? எந்தப் பங்கையும் கீழே ஊற்றாமல், எல்லாவற்றையும் அளந்தார்கள். அதனால்தான் தவறு கண்ணில் பட்டது. வேண்டியதை மட்டும் அளந்திருந்தால் லைசோசோம் தொட்டியில் போயிருக்கும். ஆகவே நான் சுதந்திரம் கேட்கவில்லை. உதைத்த கணக்கை எழுத இடம் கேட்கிறேன்.

முதுகலை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்து காட்டுவேன். காலை ஆறரை மணிக்குக் கறிக்கடையில் போய் நின்று, அப்போதே அறுத்த ஆட்டின் ஈரலைக் கால் கிலோ வாங்கி, ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கடைக்காரர் முதல் ஆண்டு, "வீட்டில் விசேஷமா சார்?" என்றார், மூன்றாம் ஆண்டிலிருந்து, "ஓ, பரீட்சை ஈரலா!" என்று நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். சர்க்கரைக் கரைசலில் மெதுவாக அரைத்து இரண்டு குழாயில் விடுவோம். இரண்டிலும் நொதி தின்னும் பொருளை ஊற்றுவோம். ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு டிரைட்டான், அதாவது உறையைக் கரைக்கும் ஒரு வகைச் சோப்பு. பத்து நிமிடம் கழித்துக் காரக் கரைசல் (ஆல்கலி) சேர்த்தால், நொதி வேலை செய்த அளவுக்கு மஞ்சள் ஏறும். சோப்பு விடாத குழாய் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் போல வெளுத்த மஞ்சள். சோப்பு விட்ட குழாய் கஸ்தூரி மஞ்சளைக் கரைத்ததுபோல் அடர்ந்து நிற்கும். எலி ஈரலில் வருவதுபோல் அவ்வளவு துல்லியமாக வராதுதான். ஆனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு குழாயையும் தூக்கிப் பிடிக்கும்போது பின்வரிசையிலிருந்து கழுத்துகள் நீளும். அந்த இரண்டு குழாய்க்கு நடுவே இருக்கிற நிற வித்தியாசம்தான் டி டுவின் வாழ்க்கை.

அதை வகுப்பில் காட்டியவன் ஆய்வகத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர், மேலே சொன்ன அதே கார்பன் டெட்ராகுளோரைடு, மூலிகை வழக்கில், எந்த மருந்தும் கொடுக்காத ஒப்பீட்டு எலிகள் ஆறை வைத்திருந்தார். ஆறும் முதல் நாள் இரவு பட்டினி கிடக்க வேண்டும். விலங்குக் கூடத்து ஊழியர் தெரியாமல் இரண்டு எலிக்குத் தீனி போட்டுவிட்டார். மறுநாள் அளந்தபோது, அந்த இரண்டு எலியின் ஈரலில் வெளியே கசிந்த ஆசிட் பாஸ்பேட்டேஸ் குறைவு. பட்டினி கிடந்த நான்கிலும் கூடுதல். மாணவர் நோட்டில் அதை எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு சொல் எழுதியிருந்தார். ஆண்டறிக்கையில் அரைப் பக்கம் சேர்த்தோம். நிதி கொடுத்த குழுவிலிருந்து வந்த குறிப்பு: "ஒப்புதல் பெற்ற நோக்கங்களுக்கு வெளியே உள்ளது, தவிர்க்கவும்." குழுவைக் குறை சொல்வதற்கு முன் என்னைச் சொல்கிறேன். நான் அந்த மாணவரைக் கூப்பிட்டு, "அந்த இரண்டு எலியையும் எடுத்துவிடு, வேறு இரண்டு வைத்துச் செய்" என்றேன். அவர் எடுத்துவிட்டார். அட்டவணை அழகாக வந்தது. பட்டமும் வந்தது. இப்போது ஒரு மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். நல்ல சம்பளம், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

நாங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். பசித்த ஈரல் தன்னைத் தின்னும் என்பது டீட்டரும் டி டுவும் 1967இலேயே தொட்ட விஷயம். ஆறு எலியை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பையன் அதைத் தன் கையால் தொட்டு, நூலகத்துக்கு ஓடி, "சார், இது ஏற்கெனவே இருக்கிறது!" என்று ஏமாற்றத்தோடு திரும்பி வந்திருப்பான். அந்த ஏமாற்றத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. விண்ணப்பத்தில் நோயைக் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை; எடுக்க மாட்டீர்கள், மேலிடமும் விடாது. இறுதி அறிக்கைப் படிவத்தில், "நோக்கம் நிறைவேறியதா?" என்ற கட்டத்துக்கு அடுத்ததாக ஒரு கட்டம் சேர்த்துக்கொடுங்கள்: "தேடாமல் கண்டது என்ன? எந்தக் கணக்கு உதைத்தது?" ஒரு பக்கம் இடம் போதும். அதற்கு மதிப்பெண் உண்டு என்று கீழே அச்சிடுங்கள். இல்லாவிட்டால் அதிலும் "இல்லை" என்று எழுதிவிடுவோம். ஒப்புதலான தொகையில் பத்தில் ஒரு பங்கை, முன் அனுமதி இல்லாமல், உதைத்த கணக்கின் பின்னால் செலவழிக்கலாம் என்று ஒரு விதி; செலவுக்கு ரசீதும், அளந்த எல்லாவற்றுக்கும் நோட்டும் காட்ட வேண்டும் என்று இன்னொரு விதி. தணிக்கைக்காரர்கள் முனகுவார்கள். கணக்கைக் கூட்டிப் பார்ப்பவர்கள் என்ற முறையில் அவர்கள்தான் இதை முதலில் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கொரு நம்பிக்கை.

மாணவியிடம் அன்று, "ஃபேட்டி லிவர் என்று போடு" என்றுதான் சொன்னேன். போட்டுவிட்டார். இம்மாத இறுதியில் அது உங்கள் மேசைக்கு வரும். அவர் விரும்புவது லைசோசோம் ஏன் இடம்விட்டு இடம் நடக்கிறது என்று பார்க்க மட்டும்தான். இதை நான் சொன்னதாக அவர் மதிப்பெண்ணில் கை வைத்துவிடாதீர்கள்.

மாணவரின் நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது, சிவப்பு மை இன்னும் மங்கவில்லை. புதிய கட்டத்துக்கு மாதிரி தேவைப்பட்டால் 43ஆம் பக்கத்தை நகலெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியன் ஒருவன்